விண்வெளிச் சோறு பிறந்த கதை

சாப்பிட்டு எழுந்ததும் இலையைச் சுற்றி அப்பாயி ஒரு பார்வை பார்ப்பார். தரையில் ஒற்றைப் பருக்கை கிடந்தாலும் அவர் விரல் அங்கே நீளும். "எடுத்துப் போட்டுக்கப்பா, ஒரு போகத்துப் பாடு அது" என்பார். குடமுருட்டி ஆற்றங்கரையில் எங்கள் வீடு. நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, அறுப்பு, களத்தடி என்று ஒவ்வொரு மணிக்கும் பின்னால் எத்தனை பேருடைய முதுகு வளைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பருக்கையைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ள வெட்கப்பட்டதில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்லித்தரும் வழக்கங்களைப் பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் சாப்பாட்டுக்கு முதல் விதி சிந்தாதே என்பதுதான். இங்கே சிந்தியது தரையில் கிடக்கும், எறும்பு இழுக்கும், கோழி கொத்தும். அங்கே விழுவதற்குத் தரை கிடையாது. சிந்திய பருக்கை மிதக்கும். காற்றோட்டம் இழுத்த பக்கம் போகும். கண்ணில் படலாம், மூச்சுக்குழலில் ஏறலாம், கருவிகளின் இடுக்கில் புகுந்து உட்காரலாம். பூமியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும் வீடு அது. பழுது வந்தால் அங்கே இருக்கிறவர்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வீடு நம் தலைக்கு மேலேயும் போகிறது. விடியலிலோ அந்தியிலோ வரப்பில் நின்றால், சில நாட்களில் வெறும் கண்ணுக்கே தெரியும். மினுக்காமல், சத்தமில்லாமல், ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி முடித்திருக்கும். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒரு நாளில் பதினாறு விடியல். அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்ற வழக்கம் ஒரே நாளில் வகுத்து வைத்ததல்ல. தவறு செய்து, திருத்தி, மறுபடி தவறு செய்து பிறந்தது.

1961-ல் யூரி ககாரின் விண்வெளிக்குப் போனபோது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத கேள்வி ஒன்று இருந்தது: எடை இல்லாத இடத்தில் விழுங்க முடியுமா, தொண்டையில் இறங்குமா? ஆகவே பற்பசை போலக் குழாயில் அடைத்த கூழைக் கொடுத்தனுப்பினார்கள். மறு வருடம் அமெரிக்காவின் ஜான் கிளென் ஆப்பிள் கூழைக் குழாயிலிருந்து பிழிந்து சாப்பிட்டார். இறங்கியது. தொண்டைத் தசைகள்தான் உணவைத் தள்ளுகின்றன, புவியீர்ப்பு அல்ல என்பது உறுதியானது. குழந்தைக்குச் சங்கில் கஞ்சி புகட்டுவது போன்ற ஆரம்பம்தான் அது. ஆனால் வளர்ந்த மனிதன் எத்தனை நாள் பிழிந்து பிழிந்து சாப்பிடுவான்? மெல்ல வேண்டும் என்ற ஆசை வந்தது.

அந்த ஆசைதான் 1965 மார்ச் 23 அன்று ஜெமினி 3 கலத்தில் வெடித்தது. ஜான் யங் தம் உடையின் பைக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு போனார். உப்பிட்டுப் பதப்படுத்திய மாட்டிறைச்சி வைத்த ரொட்டி. உடன் பறந்த கஸ் கிரிசம் ஒரு கடி கடித்தார். ரொட்டி உடைந்து துகள் மிதக்கத் தொடங்கியதும் சட்டென்று பைக்குள் திணித்துவிட்டார். சில நொடி விவகாரம்தான். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அது கேள்வியாகி, நாசா பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் காலத்து உணவுத் துண்டுகளுக்கு ஜெலட்டின் பூச்சு பூசியிருந்ததும் துகள் உதிரக்கூடாது என்பதற்காகத்தான். ரொட்டிக்கு விடை 1985-ல் கிடைத்தது. மெக்சிகோவின் ரொடோல்ஃபோ நேரி வேலா தம் ஊர் டார்ட்டியாவைக் கொண்டு போனார். சப்பாத்தியின் உடன்பிறப்பு மாதிரி. உதிராது, மடித்துக்கொள்ளலாம். அன்றுமுதல் ரொட்டியின் இடத்தில் அது உட்கார்ந்துவிட்டது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் 1968 கிறிஸ்துமஸ். சந்திரனைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அப்போலோ 8 குழுவுக்கு, குழம்போடு சேர்ந்த வான்கோழிக் கறியைப் பொட்டலமாகக் கொடுத்திருந்தார்கள். கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்கள். கரண்டியை விட்டு அது எங்கும் பறக்கவில்லை! ஈரத்துக்கு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. நீரின் பரப்பு இழுவிசை உணவைக் கரண்டியோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. உலர்ந்தது உதிர்ந்து பறக்கும், குழைந்தது ஒட்டிக்கிடக்கும். குழம்பு ஊற்றிப் பிசைந்து உருட்டிச் சாப்பிடும் ஊர்க்காரனுக்கு இதைப் படிக்கும்போது வரும் மகிழ்ச்சி தனி.

ஆனால் மேலே ஈரம் வேண்டும் என்றால் கீழேயிருந்து ஈரத்தை ஏற்றிச் செல்ல முடியாது. ராக்கெட்டில் ஒவ்வொரு கிலோவும் பெரும் செலவு. ஈரம் இருந்தால் உணவு கெடவும் கெடும். ஆகவே போகும்போது ஈரத்தை எடுத்துவிட வேண்டும், உண்ணும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். விண்வெளி உணவின் பாதி வித்தை இதற்குள் அடக்கம். நெல் விளைகிற நாட்டில் இந்த வித்தை எப்போதோ பிறந்துவிட்டது என்று நான் நம்புகிறேன். அதற்கு அவல் என்று பெயர்.

அப்பாயி அவல் இடித்ததை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நெல்லை ஊறவைத்து, நீரை வடித்து, மணல் சட்டியில் வறுப்பார். படபடவென்று ஓசை மாறும் பதத்தில் இறக்கி, சூடு ஆறுவதற்குள் உரலில் கொட்டுவார். இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். ஆறிவிட்டால் தட்டையாகாது, நொறுங்கிவிடும். அப்புறம் முறத்தில் புடைத்தால் உமி பறந்துபோய் அவல் நிற்கும். ஊறிய நெல்லுக்குள்ளேயே அரிசி வெந்துவிடுகிறது, பிறகு தட்டையாகி உலர்கிறது. அதனால்தான் அடுப்பே இல்லாமல், கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைத்தால் கால் மணியில் மெத்தென்று ஆகிவிடுகிறது. வழிப்பயணத்துக்குத் துணியில் முடிந்துகொண்டு போவார்கள். வேகவைத்து, உலர்த்தி, தூக்கிச்சென்று, நீர் சேர்த்து உண்பது: விண்வெளிக் கலத்து உலர்சோற்றின் செய்முறையும் இதே வரிசைதான். ஜப்பான் 2007-ல் தன் விண்வெளி உணவுகளுக்குச் சான்று கொடுத்தபோது அதில் சோறும் கஞ்சியும் இருந்தன. சோற்றை வேகவைத்து உலர்த்திப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள். மேலே சுடுநீர் விட்டால் மீண்டும் சோறு.

ஜப்பான் அரிசிக்கு ஒரு சாதகமும் உண்டு. அதில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு, ஆகவே வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். நம் பொன்னியும் ஆடுதுறை ரகங்களும் உதிரி உதிரியாக வேகும். தஞ்சாவூர்க்காரனுக்கு அதுதான் நல்ல சோறு. விண்வெளிக்கு அது குறை. நம் சோறு மேலே போக வேண்டுமென்றால் தயிரோ பருப்போ சேர்ந்து குழைய வேண்டும்.

ஈரத்தோடு மல்லுக்கட்டுவது எங்கள் காவிரி டெல்டாவுக்குப் புதிதல்ல. குறுவை அறுவடைக்கு வரும் வேளையில் வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். நெல் களத்திலேயே நனையும், முளைக்கும், நிறம் மாறும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை நிற்கும். சாலையில் நெல்லைக் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டிருக்கும் குடும்பங்களை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறோம். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. அந்த ஈரநெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்காகவே 1967-ல் திருவாரூரில், தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சின்ன ஆய்வகம் தொடங்கியது. அதை வழிநடத்தியவர், அதற்கு முன் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த வி. சுப்பிரமணியன். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் என்று பேரெடுத்து, தஞ்சாவூருக்கு வந்து, பல பெயர் மாறி, 2021 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகப் புதுக்கோட்டைச் சாலையில் நிற்பது அதுதான்.

அங்கே பார்த்த வேலைகளில் முக்கியமானது புழுங்கல். பழைய முறையில் நெல்லைத் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவார்கள். புளித்து ஒரு நாற்றம் வரும், அது அரிசியிலும் ஏறும். சுடுநீரில் ஊறவைத்தால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதை மைசூரில் கண்டார்கள். அழுத்தமான நீராவியில் அவிக்கும் முறையை இங்கே உருவாக்கினார்கள். அவிக்கும்போது உமிக்குள்ளேயே மாவுச்சத்து குழைந்து கெட்டிப்படுகிறது. தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. ஆலையில் அரைக்கும்போது நொய் குறைகிறது. ஒரு மணிக்குள் நீரும் சூடும் என்ன செய்கின்றன என்ற கேள்வியைத் திருவாரூர் களத்து ஈரநெல்லுக்காகக் கேட்டார்கள். அதே கேள்வியைத்தான் விண்கலத்துப் பொட்டலம் செய்கிறவர்களும் கேட்கிறார்கள்.

அந்தப் பொட்டலத்தின் இந்திய முகவரியும் காவிரியை ஒட்டித்தான் இருக்கிறது. மைசூர் நகரம் குடிப்பது காவிரித் தண்ணீர். அங்கே 1961-ல் பிறந்த பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் முதலில் கவனித்தது மலைமுகட்டில் காவல் நிற்கும் ராணுவ வீரனின் சாப்பாட்டை. அடுப்பு மூட்ட முடியாத குளிரில் கெடாத சப்பாத்தி, பிரித்ததும் உண்ணக்கூடிய புலாவ். அந்தக் கைப்பழக்கம்தான் 1984-ல் கைகொடுத்தது. ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 கலத்தில் புறப்பட்டு, சல்யூட் 7 நிலையத்தில் தங்கிய இந்திய வீரர் ராகேஷ் சர்மாவுக்கு ரவை அல்வாவும் காய்கறிப் புலாவும் மைசூரிலிருந்து போயின. நிலையத்தில் இருந்த சோவியத் நண்பர்களுக்கும் பரிமாறப்பட்டது. இந்திய அரிசி பூமியைச் சுற்றியது அன்றுதான் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மயிர் சிலிர்க்கிறது. இந்தியாவின் ககன்யான் விண்வெளிப் பயணத்துக்காக அதே ஆய்வகம் ஆயத்தம் செய்ததாக 2020-ல் வந்த பட்டியலில் இட்லியும் பாசிப்பருப்பு அல்வாவும் இருந்தன.

இனி, புதிதாகப் போய்ச் சேர்ந்த ஒருவர் சாப்பிட உட்காரும் விதம். உட்காருவது என்று சொல்வதே பிழை. மேசைக்குக் கீழே இருக்கும் கம்பியில் பாதத்தைக் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். மாதக்கணக்கில் இருந்தால் உள்ளங்காலின் காய்ப்பு உதிர்ந்து பச்சைக்குழந்தைப் பாதம் போல ஆகிவிடும், புறங்காலில் புதுக் காய்ப்பு ஏறும். பொட்டலத்தைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது முழுதாக வெட்டக்கூடாது. மூடி ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைப் பிடிக்க ஒரு ஓட்டம். கத்தரிக்கோலைக் கைவிட்டால் கீழே விழாது, காணாமல் போகும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒட்டுப்பட்டை. காணாமல் போனதைத் தேடப் புதியவருக்குச் சொல்லித்தரும் முதல் இடம், காற்றை இழுக்கும் வலைத்தட்டி. நிலையத்தில் தொலைந்ததெல்லாம் மெல்ல மிதந்து கடைசியில் அங்கே வந்து ஒட்டிக்கிடக்கும்.

உப்பைத் தூவ முடியாது, நீரில் கரைத்துச் சொட்டாக விடுவார்கள். மிளகுத்தூளை எண்ணெயில் கலந்து வைத்திருப்பார்கள். உடம்பின் நீர் தலைப்பக்கம் ஏறி மூக்கடைத்தது போல இருக்கும், வாசனை குறையும், நாக்கு சப்பென்று ஆகும். ஆகவே காரம் கேட்பார்கள். நம் ஊறுகாய்க்கு அங்கே நல்ல மரியாதை கிடைக்கும் என்பது என் கணிப்பு. தண்ணீர்க் கணக்குதான் இன்னும் கடுமை. வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் வடித்துச் சுத்தம் செய்து மறுபடி குடிக்கிறார்கள். 2023-ல் 98 சதவீதம் வரை மீட்டெடுத்தார்கள். கடைமடையில் ஆற்று முறைக்குக் காத்திருந்தவர்களுக்கு ஒரு சொட்டின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே துணி துவைக்கவும் முடியாது. உடுத்திய துணியும் வெட்டிய பொட்டலமும் சரக்குக் கலத்தில் அடைபட்டு, காற்று மண்டலத்தில் எரிந்து போகும். தூங்கும் பையைச் சுவரில் கட்டிக்கொள்ளும்போது காற்றோட்டம் படும் இடமா என்று பார்க்க வேண்டும். சூடான காற்று மேலே எழும் வழக்கமே அங்கே இல்லை. காற்று அசையாவிட்டால் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே நின்றுவிடும்.

2025 ஜூன் 25 அன்று புறப்பட்டு, மறுநாள் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் நுழைந்த முதல் இந்தியர் சுபான்ஷு சுக்லா, நடக்கவும் சாப்பிடவும் குழந்தை போலக் கற்றுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிரதமரோடு பேசியபோது மிதந்துவிடாமலிருக்கக் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு கொண்டு போய் உடனிருந்தவர்களுக்கும் கொடுத்தார். புது வீட்டுக்குப் போனால் கையில் தின்பண்டம் இல்லாமல் போகக்கூடாது என்ற நம் பழக்கம் அங்கேயும் சென்றுவிட்டது. அதே பயணத்தில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜோதி, உமா என்ற நெல் ரகங்களின் விதைகளும் போய் வந்தன, திரும்பிய பின் அவற்றை விதைத்து ஆராய்வதற்காக.

நெல் மேலே முளைத்து, கதிர்விட்டு, மணி கொடுத்ததும் உண்டு. 2022-ல் சீனாவின் தியான்கோங் நிலையத்தில் விதையிலிருந்து விதை வரை 120 நாள் வளர்த்தார்கள். பயிர் தளர்வாக விரிந்தது, பூ கொஞ்சம் முந்தியது, ஆனால் மணி பிடிக்கப் பத்து நாளுக்கு மேல் தாமதமானது. உமி பல மணிகளில் முழுக்க மூடவில்லை. அறுத்த தாளிலிருந்து மறுபடியும் துளிர்த்து விளைந்தது. நாம் மறுதாம்பு என்று சொல்வதேதான். மழை ஏமாற்றிய வருடங்களில் எங்கள் வயலில் நின்ற மறுதாம்பு கண்முன் வந்தது.

இந்தியாவுக்கென்று ஒரு விண்வெளி நிலையத்தை 2035-க்குள் எழுப்பத் திட்டம். முதல் பகுதியை 2028-ல் ஏவ 2024 செப்டம்பரில் ஒப்புதல் ஆனது. ககன்யானுக்குத் தேர்வான நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நம்மவர் ஒருவர் அங்கே போய் முதல் பகல் சாப்பாட்டுக்கு நிற்கும்போது அது தயிர்சாதமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆசைக்காக மட்டும் சொல்லவில்லை. விதிகள் அத்தனையும் அதற்குப் பொருந்துகின்றன. குழைந்தது, ஒட்டும், உதிராது, வயிற்றைப் படுத்தாது. அப்பளம், பொரி, முறுக்கு மூன்றுக்கும் அங்கே இடமில்லை. மோர்மிளகாயும் கடித்தால் நொறுங்கும், ஆகவே ஆகாது. தாளித்த கடுகைத் தனியாக உருள விடாமல் தயிரோடு சேர்த்து உறைய வைத்துவிட வேண்டும். உறைந்த சோற்றை வெற்றிடத்தில் வைத்தால் பனி நீராகாமலே ஆவியாகிப் போய்விடும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. வெள்ளை நுரைக்கல் மாதிரி ஒரு பொட்டலம்.

கம்பியில் பாதத்தைக் கோத்துக்கொண்டு, பொட்டலத்தின் வாயைக் குழாயில் பொருத்தி, அளந்த நீரை உள்ளே விட வேண்டும். விரலால் பையை வெளியிலிருந்தே பிசைய வேண்டும். அவல் ஊறுகிற நேரம் காத்திருக்க வேண்டும். ஓரம் ஒட்டியிருக்க வெட்டி, கரண்டியை மெதுவாக, அவசரமில்லாமல் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அப்படியும் தப்பித்த பருக்கை ஒன்று முகத்துக்கு நேரே மிதந்து வந்தால், வாயைத் திறந்து பிடித்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம்.